சங்கின் நடுத்தண்டு

டேனிஷ் நகரமான வைலேயின் கடற்கரையில் என் மகள் தேய்ந்த சங்கொன்றைப் பொறுக்கினாள். ஓடெல்லாம் உடைந்து, முறுக்கிய நடுத்தண்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

போர் முடியும் தறுவாயில், முல்லைத்தீவுக் கடற்கரையில், அம்மா தன் கூறைச்சேலையைப் பைகளாகத் தைத்தார். அப்பா மணல் நிரப்பிப் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கினார். ஒரு பையைக் குத்திக்கொண்டு இதே போன்ற தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

“அதை இழுக்காதை, மண் கொட்டுண்டிடும்” என்றார் அப்பா.

அவர் கண்ணயர்ந்ததும் இழுத்தேன். மணல் கொட்டிப் பை சரிந்தது. விழித்தவர் என் கையிலிருந்த தண்டைக் கண்டும் ஏசவில்லை.

“சேலை இத்துப்போச்சு, மண் அள்ளிக்கொண்டு வாறன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாளியோடு போனார். வெளியே எறிகணை விழுந்தது. அவர் திரும்பவில்லை.

மகள் டேனிஷில் ஏதோ கத்தியபடி, தண்டைக் காட்டக் காரிலிருந்த என் அம்மாவிடம் ஓடினாள்.

அம்மா இன்றுவரை அந்தச் சேலையைத்தான் ஏசுகிறார்.