கிழிக்காத செவ்வாய்க்கிழமை

செங்கல்பட்டில் எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கூடும். ஒன்பது ஆண்டுகளாக நான் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுப்பவன். யார் பேசினார், எத்தனை மணிக்குத் தொடங்கினார், முதல் கொட்டாவி எப்போது என்பதுவரை என் நோட்டில் இருக்கும். அதைப் பார்த்தோ என்னவோ, "அடுத்த கூட்டத்துல நீங்களே பேசுங்க சார், இருபது நிமிஷம்" என்றார் செயலாளர். மேடையில் நான் பேசப்போவது அதுதான் முதல் தடவை.

எடுத்துக்கொண்ட பொருள், எங்கள் கடற்கரையில் படமாக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழிந்தும் பேசப்படும் ஒரு தொலைக்காட்சிக் குற்றத் தொடர். கதை எளிமையானது. ஒரு படகுக்காரன் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகிறான், திரும்பவில்லை. மறுவாரம் புதன்கிழமை பிணம் கரை ஒதுங்குகிறது. கொன்றவன் பிடிபடுகிறான். செத்த படகுக்காரனின் மனைவிக்குக் கொலை முன்பே தெரியுமா என்பதை மட்டும் தொடர் சொல்லாமலே முடிகிறது. தெரியும் என்று ஒரு கட்சி, தெரியாது என்று ஒரு கட்சி; விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: நுணுக்கத்தில் இதற்கு ஈடு கிடையாது.

அந்த நுணுக்கத்தைத்தான் உடைக்க நினைத்தேன். மூன்று முறை பார்த்து முப்பத்தொரு பிழைகளைப் பட்டியலிட்டிருந்தேன். கிரீடம் பதினேழாவது பிழை. பிணம் ஒதுங்கிய புதனன்று ஆய்வாளர் படகுக்காரன் வீட்டுக்குப் போகிறார். சுவரில் தினசரி காலண்டர், முந்தைய வாரத்துச் செவ்வாய்க்கிழமையைக் காட்டுகிறது. எட்டு நாள் பிசகு.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, நான் குடியிருக்கும் மதுராந்தகத்திலிருந்து பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன். கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் அங்கே சொந்தப் படகு வைத்திருக்கிறான். கடல் விஷயத்தில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது. அவன் மனைவி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்துத் தொடரை ஓடவிட்டேன்.

"இன்னா மச்சான், கடலுக்குப் போறவன் இஸ்திரி போட்ட சட்டையோட போறான்? பொண்ணு பாக்கப் போறானா?" என்றான் நண்பன்.

"எழுதிக்கிறேன்," என்றேன். முப்பத்திரண்டு.

"ஆடி மாசத்துல தண்ணி வடக்க இழுக்கும். இவன் இன்னாடான்னா தெக்கால வந்து ஒதுங்கிக் கெடக்கான். பஸ்ஸு புடிச்சி வந்தானா?"

முப்பத்து மூன்று. எனக்கு ஒரே உற்சாகம். பதினேழாவதைக் காட்டினேன். படத்தை நிறுத்தி, காலண்டரைப் பெரிதாக்கி, நீதிமன்றத்தில் சான்று காட்டும் வக்கீல்போல விளக்கினேன்.

அவன் மனைவி எட்டிப் பார்த்தார். "இதுல இன்னாண்ணா தப்பு கீது? சாவு வுழுந்த வூட்ல எவ தேதி கிழிச்சிகினு நிப்பா?"

"இல்லம்மா, பிணமே அன்னிக்குத்தான் வந்துது. அதுவரைக்கும் திரும்பி வருவான்னு காத்திருந்தேன்னு அவளே ஆய்வாளர்கிட்ட சொல்றா."

அவர் கை நின்றது. "காத்துகினு இருந்தாளா? கடலுக்குப் போனவன் வரலன்னா நாங்க ஒவ்வொரு நாளா எண்ணுவோம்ணா. விடிஞ்சதும் மொத வேலயா தாள கிழிப்போம். இவரு எஞ்சின் நின்னு மூணு நாள் வரல, கேட்டுப் பாரு. இவ செவ்வாக்கெழமயே விட்டுட்டா. அப்பன்னா அவளுக்கு அன்னிக்கே தெரியும்."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் கைப்பேசியைப் பார்த்தேன். இத்தனை விமர்சகர்கள் முட்டிக்கொண்ட கேள்விக்குப் பதில் சுவரில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிழை என்று எண் போட்டு வைத்திருந்தேன்.

"பேஜாராப் போச்சே மச்சான். நாளைக்கு இன்னா பேசுவ?"

"உன் வீட்டம்மா சொன்னதை," என்றேன். "நீங்களும் வாங்க."

"எனுக்கு இன்னா தெரியும்ணா," என்றவர், மறுநாள் எனக்கு முன்பே வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்திருந்தார். பக்கத்தில் நண்பன்.

தயாரித்திருந்த பதினொரு பக்கங்களையும் பையிலேயே விட்டுவிட்டேன். பதினேழாவது பிழையை மட்டும் சொல்லி, அது ஏன் பிழையில்லை என்பதையும், கண்டுபிடித்தவர் யார் என்பதையும் சொன்னேன். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கூடத்தில் நான் அப்படியொரு இரைச்சலைக் குறித்ததில்லை.

செயலாளர் கையமர்த்தினார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா படப்பிடிப்பு ஆளுங்க தாளைக் கிழிக்க மறந்திருந்தா? நீங்க அவங்க மறதிக்குப் பொருள் சொல்றீங்களோ என்னமோ."

நியாயமான கேள்வி. முதல் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து நண்பன் மனைவியின் குரல் வந்தது. "ராத்திரி மொதல்லேந்து பாத்தேன் சார். மொத பாகத்துல அவ எழுந்ததும் இன்னா பண்றா? தாள கிழிச்சி, அதுல திருநீறு மடிச்சி புருசன் பையில வெக்கிறா. மறந்தவங்க அத ஏன் எடுத்தாங்க?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. தொடர் பார்த்தபோது எழுதிய நோட்டைப் புரட்டினேன். முதல் பாகம், ஏழாவது நிமிடம். என் கையெழுத்திலேயே இருந்தது. உரக்கப் படித்தேன்: "மனைவி காலண்டர் தாளைக் கிழிக்கிறாள். கிழமை சரி. கவனிக்க வேறொன்றுமில்லை."

முதலில் சிரித்தது செயலாளர்தான். என்னாலும் அடக்க முடியவில்லை. இருபது நிமிடம் என்று தொடங்கிய பேச்சு முடிந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.