தெற்கு வாசலும் மூன்று புகார்களும்

வரவேற்பு மேஜையில் உட்காருகிறவனுக்குச் சம்பளம் தருவது சிரிப்பதற்கு. திட்டு வாங்குவது இலவசம். வாடிக்கையாளர் முகத்தில் விழித்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அம்பத்தூரில் போல்ட், நட்டு செய்த பட்டறையை இடித்துவிட்டு எழுப்பிய இருபத்திரண்டு மாடி வங்கிக் கட்டடம் எங்களுடையது. வருகிறவர்களுக்கு வழியும் கட்டடத்தின் வரலாறும் சொல்வது என் வேலை. மாதத்தில் மூன்று புகார் விழுந்தால் என்னை அடித்தள பார்க்கிங்குக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கே பகலிலேயே கொசு பிடுங்கும்.

பட்டன் இல்லாத லிஃப்ட்

எங்கள் லிஃப்டுக்குள் பட்டன் கிடையாது. வெளியே திரையில் மாடி எண்ணைத் தட்டினால், எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்று அதுவே சொல்லும். போன மாதத் தொடக்கத்தில், குமணன்சாவடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் லோன் விஷயமாக வந்தார். நான் விளக்கி முடிப்பதற்குள் திறந்திருந்த லிஃப்டில் ஏறிவிட்டார். யார் யாரோ கூப்பிட்ட மாடிக்கெல்லாம் போய்விட்டு, கால் மணி நேரம் கழித்து என் முன்னாலேயே வந்து இறங்கினார். புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதிக்கொண்டே சொன்னார்: "இன்னா நைனா, லிஃப்டுனு சொல்லி ராட்டினத்துல ஏத்தி உட்டுட்டியே!"

மேற்கே ஒரு கண்ணாடி

மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. சாயங்கால வெயில் அதில் பட்டு எதிர் அபார்ட்மெண்டில் அடிக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்து அங்கே குடியிருக்கும் ஐ.டி. தம்பி ஒருவர், அடுத்த வாரமே கூலிங் கிளாஸோடு வந்து நின்றார். கட்டடம் கட்டியது நானில்லை என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்தார். "ஒரு சூரியனுக்கே ஏசி தாங்க மாட்டேங்குது சார், நீங்க ரெண்டாவது ஒண்ணு வச்சிருக்கீங்க!"

பூட்டிய வாசல்

கட்டடக் கலைஞர் ஆசை ஆசையாகத் தெற்கே முன்வாசலுக்கு மூன்று ஆள் உயரத்தில் தேக்குக் கதவு வைத்தார். திறப்பு விழாவன்று வாஸ்துக்காரர் வந்து, தெற்கு வாசல் ஆகாது என்றார். அன்றைக்குப் பூட்டியதுதான். வாடிக்கையாளர்கள் ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வருகிறார்கள். கேட்டால் "பராமரிப்பு வேலை" என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு.

அதே மாதக் கடைசியில் வங்கியின் புதுச் சேர்மன் வந்தார். நேரே அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தார். நான் பின்வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி, "பராமரிப்பு சார்" என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் கண்ணை உருட்டினார். எனக்கும் அலுத்துவிட்டது. "திறப்பு விழாவிலேர்ந்து சார்" என்றேன்.

சேர்மன் சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, 'முன்வாசல் பூட்டிக் கிடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா, இனிமேலாவது திறப்பார்கள் என்று நினைத்தேன். அவர் கார் கிளம்பியதும் மேனேஜர் பக்கத்தைப் புரட்டி எண்ணினார். "மூணு ஆயிடுச்சுப்பா. நாளைலேர்ந்து நீ பார்க்கிங்."

கதவைத் திறப்பதைவிட, கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறவனை மாற்றுவது சுலபம் என்பதுதான் நான் அங்கே படித்த கட்டடக்கலை.