ராகு காலம் முடியும்வரை காத்திருக்கும் பக்கம்

எங்கள் வீட்டில் எதற்கும் நேரம் பார்ப்போம். புது அடுப்பில் பால் காய்ச்ச, பேங்க்கில் கையெழுத்துப் போட, பழைய கட்டிலைத் தூக்கிப் போடக்கூட. என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய், பழம், துளசி மாலைக் கடை வைத்திருக்கிறார். காலண்டரைப் பார்த்தால் அவர் கண்ணில் முதலில் படுவது தேதி இல்லை, ராகு காலம்தான். நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அதே பழக்கம்.

எங்கள் மருமகள் திருச்சியில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். என் மகனோடு ஒரே காலேஜில் படித்தவள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் மனசு கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று. ஒரு கிறிஸ்துமஸும் ஒரு பொங்கலும் போனதும் அதெல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை வாய் நிறைய அத்தை என்றுதான் கூப்பிடுவாள். துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அரசாங்க வெப்சைட்டுகளைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அமைக்கிற வேலை என்று மகன் விளக்கிச் சொன்னான்.

குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிந்து வைக்கிற ஒரு வெப்சைட் உண்டு. எந்தத் துறை என்று எழுத வேண்டாம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அதில் குடும்பத் தலைவி என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது. மருமகள் பேரை அதில் சேர்க்க வேண்டும். "நான் போட்டுடறேம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான் மகன்.

"வேணாம்டா. வீட்டுக்கு வந்த பொண்ணு பேரை நான்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் தூங்குகிற நேரத்தில், மகனுடைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு, பெருமாளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். அவள் பேர், அவளுடைய அப்பா பேர், பிறந்த தேதி, எனக்கு என்ன உறவு, எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பட்டன். கையைக் கொண்டு போனவள் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஆறு மணிக்கு அமுக்கிக்கொள்ளலாம் என்று அப்படியே திறந்து வைத்துவிட்டு, விளக்குத் துடைத்துத் திரி போடப் போனேன்.

திரும்பி வந்தால் நான் எழுதின ஒன்றையும் காணோம். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் சிவப்பில் ஒரு வரி: 'காலாவதியானது.'

மருந்து அட்டையில் பார்க்கிற வார்த்தை. ஒரு பெண்ணின் பேரை எழுதி வைத்துவிட்டு வந்தால், அந்த இடத்தில் இப்படி ஒரு வார்த்தை நிற்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்த் தாயார் சன்னதியில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமே உட்கார்ந்து பார்த்தேன். நான் எழுதுகிற வேகத்துக்குப் பத்தரை வந்துவிட்டது. பன்னிரண்டு வரை பொறுத்திருந்தேன். மறுபடியும் அதே சிவப்பு வரி. மகனிடம் சொன்னால் சிரிப்பான், வீட்டுக்காரரிடம் சொன்னால் பயந்துவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியும் அவள் பேர் சேரவில்லை. அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு பொறுமையான பெண் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதே வெப்சைட்டை மாற்றி அமைக்கிற வேலை அவளுடைய கம்பெனிக்கு வந்தது. புதிதாகச் செய்ததைச் சாதாரண ஆட்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். வருவதாகச் சொன்ன ஒரு அம்மா கடைசி நேரத்தில் வரவில்லை. "அத்தை, நீங்க வரீங்களா? சும்மா உக்காந்து பண்ணிப் பாத்தா போதும்" என்று போன் செய்தாள். ஒரு புதன்கிழமை, சமையலை முடித்துவிட்டு பஸ் பிடித்துப் போனேன்.

ஏசி அறை. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். மருமகள் எனக்கு எதுவும் சொல்லித் தரக் கூடாதாம். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மனசுல என்ன தோணுதோ வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்கம்மா. தப்பே கிடையாது" என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாம்தாங்க."

"அப்ப ஒண்ணு சொல்றேன். மேல ஒரு சின்ன சாமி படம் வச்சா நல்லா இருக்கும்."

பின்னாலிருந்து மருமகள் சிரித்தாள். "கவர்மென்ட் சைட்ல முடியாது அத்தை. உங்க பெருமாளை வச்சா எங்க மாதாவையும் வைக்கணும், இடம் பத்தாது."

எழுத்தெல்லாம் பெரிதாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்வி. நன்றாகவே செய்திருந்தார்கள். யாராவது ஒருவர் பேரைப் போடுங்கள் என்றாள் அந்தப் பெண். நான் மருமகள் பேரையே போட்டேன். கடைசிப் பட்டனுக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பட்டன் தெரியலையாம்மா?"

"தெரியுது."

"பின்ன அமுக்குங்க."

"ஒண்ணரை ஆகட்டும்மா."

"ஒண்ணரைக்கு என்னங்க?"

"ராகு காலம் போயிடும்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "இது சும்மா சோதனைக்குத்தாம்மா. எங்கயும் போகாது."

"பேரு நிஜப் பேருதானே" என்றேன்.

என்னை அவசரப்படுத்தக் கூடாது என்பதும் அவர்களுடைய விதியாம். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே துளசி மாலை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது. அதே சிவப்பு வரி வந்தது.

"ரங்கா, இங்கயும் வந்துடுச்சே" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மருமகள் எழுந்து பக்கத்தில் வந்தாள். "இங்கயும்னா? வேற எங்க வந்துச்சு அத்தை?"

இனி மறைக்க முடியாது. "வீட்டுலதாம்மா. உன் பேரை எழுதி வச்சுட்டு வந்து பாத்தா காலாவதி, காலாவதின்னு வருது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. இதை யார்கிட்ட சொல்றது?"

"என் பேரைப் போட்டுப் பாத்தீங்களா?"

"பின்ன யார் பேரைப் போடுவேன்?"

அவள் தரையில், என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னு நினைச்சுட்டேன் அத்தை. அதான் கேக்கவே இல்ல. கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா?"

பக்கத்தில் இருந்த பெண் காபி கொண்டுவருகிறேன் என்று வெளியே போய்விட்டாள். நான் மருமகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். பொறுமை என்று நான் மெச்சினது பொறுமை இல்லை. இந்தப் பெண் ஒரு வருஷமாக என் வீட்டில் ஒரு கால் வெளியே வைத்தபடி இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

காலாவதியானது அவள் பேர் இல்லை, உள்ளே வந்தவர்களுக்குக் கொடுத்த நேரம்தான் என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள். ரொம்ப நேரம் திறந்து கிடந்தால் வேறு யாராவது உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். நல்ல காரணம்தான். பூட்டிக்கொண்டு போனால் போகட்டும், எழுதினதை ஏன் கொட்டிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டேன். "அதைத்தான் நாளைக்கு நானும் கேக்கப் போறேன்" என்றாள்.

கேட்டிருக்கிறாள். ஜனங்கள் கடைசிப் பட்டனுக்கு முன்னால் எதற்கெல்லாம் நிற்கிறார்கள் என்று விசாரித்தால், வீட்டுக்காரரைக் கேட்க, அழுகிற குழந்தையைத் தூக்க, கரண்ட் போய்விட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். அதோடு என்னுடையதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். கூட்டத்தில் ஒருவர், "அப்போ நல்ல நேரத்துல மட்டும் பட்டன் பச்சையா மாறட்டும்" என்று கேலி செய்தாராம். இவள் சிரித்துவிட்டு, விடாமல் நின்று சம்மதம் வாங்கிவிட்டாள். இப்போது நேரமானால் பக்கம் பூட்டிக்கொள்ளும். ஆனால் சிவப்பு வரி கிடையாது. 'நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது. மறுபடி உள்ளே வந்து தொடரலாம்' என்று வரும். அந்த வாக்கியம் அவள் எழுதினது.

புது வெப்சைட் திறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். வழக்கம்போல ராகு காலத்துக்குள் போய் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை பதறவில்லை. மூடி வைத்துவிட்டு விளக்கேற்றினேன். ஆறு அடித்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ராகு காலம் போயிடுச்சே, இன்னும் என்ன?"

"இருங்க. அவ சாயங்காலப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போயிருக்கா. வரட்டும்."

"நேரம் பாக்கறது போய் இப்ப ஆளும் பாக்கணுமா" என்று சொல்லிக்கொண்டே அவரும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் ஏழு மணி வாக்கில் மகனோடு வண்டியில் வந்து இறங்கினாள். மறுபடி உள்ளே போனேன். எழுதினது எழுதினபடி இருந்தது. அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். உறவு என்ற இடத்தில் 'மருமகள்' என்று இருந்ததை மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசித்தாள்.

"எல்லாம் சரிதானே?"

"சரிதான் அத்தை. அமுக்குங்க."

அமுக்கினேன்.