கொண்டையா, கன்றா?

எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாவதற்கு முன்பே கல்யாணப் பந்தியின் அன்னாசிப் பச்சடி நிச்சயமாகிவிட்டது. பழம் எங்கள் கொல்லையில் விளைந்ததாகவே இருக்கும் என்று அப்பா கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஐம்பதுகளின் கடைசி அது. மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அவர் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

கிழக்கேயிருந்து காயல் வழியே வள்ளத்தில் அன்னாசி கொண்டுவரும் சேட்டனிடம், நடுவதற்கு எது நல்லது என்று கேட்டார். செடியின் அடியில் முளைக்கும் கன்றுதான் என்றார் அவர். ஒரே அளவாகப் பொறுக்கி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி நட்டால் ஒன்றரை வருஷத்தில் பழம். பழத்தின் தலையில் இருக்கும் கொண்டையை நட்டால் மேலும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

அப்பாவுக்கு இது ரசிக்கவில்லை. எங்கள் ஜாதியில் எதையும் தலை, கால் என்று பிரித்துவிட்டுத்தான் மறுவேலை.

"தலேல இருக்கறதுதான் உசத்தி. காலடீல மொளைச்சதைப் போய் யாராவது நடுவாளா?"

ஊர்க் கல்யாணங்களின் சமையல்கட்டில் வெட்டிப்போட்ட கொண்டைகளைச் சாக்கில் சேர்த்துக்கொண்டு வந்தார். சில பூசணிக்காய் பருமன், சில எலுமிச்சை. ஆவணியில் எல்லாவற்றையும் நட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நட்ட பிறகு வந்த இரண்டாவது வைகாசியில் எனக்குக் கல்யாணம். கொல்லையில் முள் இலைகள் மட்டும் அமோகமாக நின்றன. கடைசியில் அதே சேட்டனின் பழங்கள்தான் பச்சடியாயின. "உங்காத்துப் பழமா?" என்று சம்பந்தி கேட்டபோது அப்பா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடினார். அதே பந்தியில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

அடுத்த சித்திரையில் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தேன். கொல்லையெங்கும் பழ வாசனை. அப்பா முதல் பழத்தை அறுத்து, கல்யாணத்தில் விட்டுப்போனதை ஈடுகட்டும் முகத்தோடு தட்டை நீட்டினார். அம்மா குறுக்கே வந்தாள்.

"ஏழு மாசக்காரிக்கு அன்னாசியா? புத்தி இருக்கா உங்களுக்கு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா என் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"வெறும் புளிப்பும்மா. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லே" என்றார். தேன் போன்ற சாறு அவர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.