சனிக்கிழமை போகலாம் என்றிருந்தேன்

எங்கள் சபையில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. வேத வசனம் என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு பேசாத பெண் என்பார்கள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முழுதாகச் சொன்னால் என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் என் மகள் பெரியவளானாள். எனக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன். பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்றால் எனக்கு அவர்தான். கிறிஸ்தவக் குடும்பமானாலும் எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் விட்டுப்போவதில்லை. ஆனால் அந்த மாதம்தான் பெண்கள் கூட்டத்தில் எங்கள் ஆயர், தீட்டுக் கழிக்கிற சடங்கெல்லாம் வேதத்துக்கு ஒவ்வாது என்று பேசியிருந்தார். அவர் சடங்கைத்தான் சொன்னார், சீரைச் சொல்லவில்லை. நான் இரண்டையும் சேர்த்து முடிந்துகொண்டேன்.

அண்ணன் ஒரு வாடகை வண்டியில் ஒன்பது தட்டுகளோடு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்து பீளமேட்டில் எங்கள் வீட்டு கேட் முன்னால் இறங்கினார். குங்குமம், மஞ்சள் எதுவும் வைக்கவில்லை. முதல் தட்டில் மருமகளுக்கென்று ஒரு புது வேதாகமம் இருந்தது. எல்லாம் என் கண்ணில் பட்டது. பட்டும் நான் கேட்டைத் திறக்கவில்லை.

"இதெல்லாம் வசனத்துக்கு ஆகாதுங்கண்ணா. எங்க ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க."

"ஏங் கண்ணு, மாமன் கையால ஒரு சேலைகூடவா ஆகாது?"

"ஆகாதுங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வண்டியில் ஏற்றினார். எனக்கு அப்போது அழுகைகூட வரவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, வசனத்துக்குக் கீழ்ப்படிந்ததற்குச் சாட்சியாக இதைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பாவி, அந்தக் கைதட்டலைப் பல நாள் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அண்ணன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவரும் வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. சொந்தக்காரர் கல்யாணங்களில் அவர் ஒரு பந்தியில் சாப்பிட்டால் நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன்.

போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் மலைப்பிரசங்கத்திலிருந்து வாசித்தார்கள். காணிக்கையோடு வந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் மனத்தாங்கலாக இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகட்டும் என்கிற பகுதி. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு என் கையில் காணிக்கைக் கவர் இருந்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து போ என்றது மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு தெளிவாகக் கேட்டது. காணிக்கைப் பை வந்தது. கவரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "உங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வந்தரலாமா? வண்டியை எடுக்கட்டுமா?" என்றார். அவருக்கும் அதே வசனம் உறைத்திருக்கிறது. முக்கால் மணி நேரத்து வழிதான்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. வெறுங்கையோட எப்படிப் போறது? போனா முறையாப் போகோணும்" என்றேன்.

சீர்த்தட்டைத் திருப்பி அனுப்பினவளுக்கு வந்த முறையைப் பாருங்கள். திங்கள், செவ்வாய் கம்பெனியில் வேலை நெட்டி முறித்தது. மோட்டார் பம்புகளைச் சோதித்து அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். பெர்மிஷன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. புதன்கிழமை வேட்டியும் அண்ணிக்கு ஒரு சேலையும் எடுத்தேன். சனிக்கிழமை லீவு, அன்றைக்குப் பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். உண்மையில் மன்னிப்புக் கேட்கிற பேச்சைத்தான் ஒத்திப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தரை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவதென்றால் அந்த நிமிஷமே கீழ்ப்படிந்தேன். நானே போய் ஒரு வாசலில் நிற்க வேண்டும் என்றதும் எனக்கு ஆறு நாள் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை காலையில் பட்டறையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் கிடந்த அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். கால் பக்கம் நின்று, தலை பக்கம் நின்று, கண்ணாடியில் முகத்தை வைத்துச் சொன்னேன். கேட்க ஆளில்லாத பேச்சு அது. அடக்கம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் என்மேல கோவத்தோடவே போயிட்டாருங்களா அண்ணி?"

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அண்ணி. அதனால்தான் சொன்னதெல்லாம் இன்னும் வலிக்கிறது.

"கோவமெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கெழமை சர்ச்சுல இருந்து வந்தவரு சட்டையைக்கூடக் கழட்டலை. கறி எடுத்தாந்து குடுத்து, கூட ரெண்டு பேருக்கு ஆக்குன்னாரு."

எங்கள் சபைகளில் எந்த ஞாயிறு எந்தப் பகுதியை வாசிப்பது என்று வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். பீளமேட்டில் வாசிப்பதுதான் பெரியநாயக்கன்பாளையத்திலும்.

"'இன்னைக்கு அங்கயும் இதேதான் படிச்சிருப்பாங்க. அம்மணி வசனத்தைக் கேட்டா நிக்காது, நேரா வந்துரும்'னு சொன்னாருங்க. நீங்களே போயிட்டு வாங்களேன்னேன். 'நான் போயி நின்னா அதுக்குச் சங்கடமாப் போயிரும், அதுவே வரட்டும்'னாரு. மூணு மணி வரைக்கும் நாங்க சாப்பிடலீங்க."

வசனம் கேட்டால் நிற்காது. நான் அவரைத் துரத்திய நாளிலிருந்து என்னைப் பற்றி அதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"திங்கக்கெழமையும் பார்த்தாருங்க. வேலை இருக்கும், நாளைக்கு வரும்னாரு. செவ்வாக்கெழமை, ஃபோன் ஏதாச்சும் வந்துச்சான்னு ரெண்டு தடவை கேட்டாரு" என்றார் அண்ணி. "புதன்கெழமை ஒண்ணும் கேக்கலீங்க."