அவுலிஸின் முதுகுவலி

அவுலிஸ் முப்பத்து நான்கு வருடம் ஏரிக்கரைச் சாலையில் பஸ் ஓட்டினார். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை; பனிப்புயலில் இரண்டு முறை தாமதமாகியிருக்கிறது. அந்த இரண்டு முறையும் இறங்கிய ஒவ்வொருவரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. தன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு வரக்கூடாது. இதைத் தவிர அவருக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது.

பிப்ரவரியில், புற்றுக்கட்டி வந்த அவருடைய புராஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். கட்டி பரவியிருக்கவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் மட்டும் பேச்சைக் கேட்க மறுத்தது. தும்மினால் கொஞ்சம், நாற்காலியிலிருந்து எழுந்தால் கொஞ்சம். அதற்குப் பழகுவதற்குள், மே மாதம் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவருக்கு வலது தொடை இடுக்கில் கோழிமுட்டை அளவில் ஏதோ புடைத்துக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போனது. எழுந்தால் திரும்பி வந்தது.

"குடலிறக்கம்" என்றார் டாக்டர். "இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு வர்றதுதான். செப்டம்பர்ல சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் இடுப்புல அழுத்திப் பட்டை கட்டிக்கோங்க. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. இருமல் வந்தா கையால அழுத்திப் பிடிச்சுக்கோங்க. வலிச்சு, உள்ள போக மறுத்துதுன்னா உடனே ஓடி வாங்க."

"சவுனா?"

"தாராளமா."

டாக்டர் தாராளமாகச் சொல்லிவிட்டார். சிக்கலே அங்கேதான் இருந்தது. ரெய்னோவின் ஏரிக்கரைச் சவுனாவில், அந்த மர நீராவிக் குளியலறையில், இருபத்தாறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் மூன்று பேர் கூடுவார்கள்: ரெய்னோ, பென்ட்டி, அவுலிஸ். ஏரியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் தூக்கி வருவது அவுலிஸின் வேலை. மேல் பலகையில் அடுப்போரம் உட்கார்ந்து, ஆவி எழும்ப அகப்பையால் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். சவுனாவில் உடம்பில் துணி இருக்காது. அங்கே பட்டையையும் சிறுநீரை உறிஞ்சும் பேடையும் எங்கே ஒளிப்பது?

"முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று போனில் சொல்லிவிட்டார்; பிப்ரவரியிலிருந்து சொன்ன சளி, காய்ச்சல் சாக்குகள் தீர்ந்துபோயிருந்தன. பஸ் டிரைவருக்கு முதுகுவலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. பேடைக்கூட அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருந்துக்கடையில் போய்த்தான் வாங்கினார்.

"அவங்ககிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் மனைவி இர்யா. "உன்னை முழுசாப் பார்த்தவங்கதானே ரெண்டு பேரும்?"

"பார்த்ததைப் பத்தி இருபத்தாறு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்லை. இப்ப எப்படி ஆரம்பிக்கிறது?"

  மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்துவிட முடிகிறது.

மேலும் நான்கு சனிக்கிழமைகள் போயின. இன்னும் ஒரு மாதம் போனால், அவர் இல்லாமலே அந்த மேல் பலகை நிறைந்துவிடும் என்று அவுலிஸுக்குத் தோன்றியது. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது, முட்டை அல்ல. ஜூன் கடைசியில் வரும் நடுக்கோடைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ரெய்னோ போன் செய்தார்.

"உன் முதுகுக்கு வழி பண்ணிட்டோம்டா. பென்ட்டியோட பெரியப்பா மக ஹில்க்கா வர்றா. எலும்பு நீவுறவ. சவுனா சூட்டுல வெச்சு ஒரு அழுத்து அழுத்தினா குதிரைகூட எழுந்து ஓடும். திருநாளன்னிக்கு வந்துடு."

"அவங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"நூத்திருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வர்றா. வரலைன்னா நல்லாயிருக்காது."

நூற்றிருபது கிலோமீட்டர் ஒருத்தி வருகிறாள், தான் போகாமல் இருப்பதா? அவுலிஸ் போனார்.

ஹில்க்காவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும்; பருத்திச் சட்டையோடு உடைமாற்றும் அறையில் காத்திருந்தாள். துடுப்பு மாதிரிக் கைகள். பென்ட்டியும் ரெய்னோவும் இடுப்பில் துண்டோடு சுவரோரம் நின்றார்கள்.

"தம்பி, துணியை அவுத்துட்டுக் குப்புறப் படு" என்றாள்.

குப்புற! கோழிமுட்டை நசுங்குவது அவுலிஸின் கண்முன் வந்தது. பெல்ட்டில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"முதுகு இல்லை" என்றார்.

 வெளியே ஒரு படகு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"பின்ன எது?" என்றாள் ஹில்க்கா.

அவுலிஸ் சொன்னார். நிறுத்தங்களை ஒவ்வொன்றாக அறிவிப்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு, புராஸ்டேட்டில் தொடங்கிப் பேடில் முடித்தார். நடுவில் தும்மலும் வந்துவிட்டது. கையால் இடுக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினார்.

பென்ட்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பேட்?"

"ரெண்டு. தும்மினா மூணு."

"பரவாயில்லையே. எனக்கு முதல் வருஷம் நாலு."

ரெய்னோ திரும்பினார். "எந்த முதல் வருஷம்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் அதை எடுத்தாங்க. நார்வேக்கு மீன் பிடிக்கப் போனேன்னு சொன்னேன்ல."

"அஞ்சு கிலோ மீன் கொண்டாந்து கொடுத்தியேடா!"

"அது கடைல வாங்கினது."

"நான் அதைப் போட்டோ எடுத்து சுவர்ல மாட்டி வெச்சிருக்கேன்!"

"நல்ல மீன்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

ஹில்க்கா முதலில் சிரித்தாள். அவுலிஸுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தும் சிரித்தார். ஆனது. "பேட் எதுக்கு இருக்கு?" என்றார் பென்ட்டி.

ரெய்னோவின் முகம் மட்டும் தொங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றார், விருந்துக்கு அழைக்கப்படாதவர்போல.

"போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு, அப்புறம் சொல்லு" என்றாள் ஹில்க்கா. "இதுல நான் அழுத்தறதுக்கு எதுவும் இல்லை. காபி இருக்கா?"

பட்டை ஆணியில் தொங்கியது. அவுலிஸ் பழக்கத்தில் வாளியை எடுக்கப் போனார். பென்ட்டி அதைப் பிடுங்கிக்கொண்டு காபிக் கெட்டிலை அவர் கையில் திணித்தார். "உன் வேலை உன்னோடது. இதுல தண்ணி கொண்டா."

ஏரிக்கும் சவுனாவுக்கும் ஒன்பது நடை. வாளி நிறைய அரை மணி நேரமானது. அவசரப்படுத்த யாரும் வரவில்லை. பிறகு அவர் மேல் பலகையில், அடுப்போரம், தன் இடத்தில் உட்கார்ந்து அகப்பையைக் கையில் எடுத்தார். கல் சீறியது. ஆவி தொண்டையில் ஏறியது.

"இருமல் வருது" என்றார்.

"பிடிச்சுக்கோ!" என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

பிடித்துக்கொண்டு இருமினார். இன்னொரு அகப்பை ஊற்றினார்.