மாட்டு டாக்டர் தப்பாக நினைத்தவை

எங்கே வலிக்கிறது என்று மாடு சொல்லாது, மாட்டுக்காரர் சொல்லுவார். எங்கள் தொழிலின் தொல்லையே அதுதான். யுத்த காலத்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஊசிப் பெட்டியோடு சைக்கிளில் அலைந்தவன் நான். அப்படி அலைந்த சகாக்களுக்கு இதெல்லாம் பழகின அவஸ்தையாகத்தான் இருக்கும்.

ஊசி போட்ட ஆறு

செட்டிகுளத்தில், மாடுகளைக் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோய் பரவிய சமயம். ராமசாமி என்ற விவசாயி தன் பன்னிரண்டு மாடுகளில் ஆறை ஓட்டி வந்தார். தடுப்பூசி போட்டேன். ஒரு வாரத்தில் நான்கு செத்தன. ஊசி போடாமல் வீட்டில் நின்ற ஆறும் நன்றாக இருந்தன. ஊசிதான் கொன்றது என்று ஊரே சொன்னது. அதற்குப் பிறகு ஒருவரும் ஊசிக்கு மாட்டை அவிழ்க்கவில்லை. எனக்கே மருந்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் பார்க்காமல் போட்டது என் தப்பு. பன்னிரண்டில் அந்த ஆறை எப்படிப் பொறுக்கினீர்கள் என்று ராமசாமியையே போய்க் கேட்டேன்.

"நல்லா மேயிற மாட்டுக்கு எதுக்குங்க ஊசி? தீனி எடுக்காம கெடந்ததாப் பாத்துத்தான் உங்ககிட்ட ஓட்டியாந்தேன்."

தொட்டியில் விஷம்

கீழப்பழுவூரில் ஒருவருடைய இரண்டு பசுக்கள் ஒரே சாயங்காலம் நுரை தள்ளி விழுந்து செத்தன. பக்கத்து வீட்டுக் காமாட்சி தனியாள். வரப்புத் தகராறில் அவள்தான் தண்ணீர்த் தொட்டியில் விஷம் வைத்தாள் என்று பேச்சு. அவளை ஊரைவிட்டு ஒதுக்கப் பஞ்சாயத்து கூடிவிட்டது. எனக்கும் விஷம் என்றுதான் பட்டது.

ஆனால் அந்தத் தொட்டியில் குடித்தவை ஐந்து மாடுகள். தண்ணீரில் விஷம் என்றால் மற்ற மூன்றும் ஏன் நிற்கின்றன? செத்தவை மட்டும் தின்றது என்ன என்று மேய்த்தவரை விசாரித்தேன். அவை இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு அறுவடை முடிந்த கொல்லையில் புகுந்தனவாம். அங்கே சோளத்தட்டையில் புதுத் துளிர், மழையில்லாமல் வாடிக் கிடந்திருக்கிறது. அந்தத் துளிரே விஷம். ஆனால் அதைத் தின்றன என்பது அதுவரைக்கும் ஊகம்தானே? பஞ்சாயத்தார் முன்னாலேயே ஒரு பசுவின் வயிற்றைத் திறந்தேன். பச்சைத் துளிர் பொதி பொதியாக இருந்தது. இன்னொன்றையும் திறக்கச் சொன்னார்கள், அதிலும் அதுவே. கூட்டம் கலைந்தது. காமாட்சி மட்டும் நின்றாள்.

"நான் வெக்கலைன்னு நேத்திலேருந்து சொல்றேன். மாட்டு வயித்தக் கிழிச்சாத்தான் எம்பேச்சு காதுல ஏறுமா சார்?"

என் பொடி

ஜெயங்கொண்டத்தில் கன்றுகளுக்குக் கழிச்சல். நானே கலந்த ஒரு பொடியை உப்புக் கஞ்சியோடு கொடுக்கச் சொன்னேன். கன்றுகள் தேறின. என் பொடியின் மகிமையை மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதி, கம்பவுண்டர் கவுஸ் பாயிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போன வாரம் பிழைத்த எட்டுக் கன்றுகளையும் அதில் சேர்த்திருந்தேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொடி தீந்து ஒரு மாசமாச்சு சார். வெறும் கஞ்சிதான் கொடுத்துட்டிருக்கேன், கன்னுக்குட்டிங்ககிட்ட அதைச் சொல்லல."

இத்தனை வருஷத்தில் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்ட விஷயங்கள் சிலதான், அவற்றில் பெரும்பாலானவை நான் முதலில் அடித்துச் சொன்னதற்கு நேர் எதிரானவை.